கைக்கெட்டும் தூரத்தில் மின்னல்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அந்தப் படம் மறுபடியும் அவள் மேசைக்கு வந்தது.

படத்தில் மணிக்கூண்டு. மேகத்திலிருந்து இறங்கிய வெள்ளைக் கோடு பாதி வழியில் மூன்றாகப் பிரிந்து, நடுக்கிளை மட்டும் கூண்டின் உச்சிக் கம்பியைத் தொட்டிருந்தது. கடிகார முகத்தில் மணி ஆறு ஐம்பத்திரண்டு. மழை நனைத்த சாலையில் அதே கோடு தலைகீழாக நெளிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு வந்த படம். அன்றிலிருந்து ஊரே அதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு அலைந்தது.

படத்தை எடுத்தவள் அவளுடைய அக்கா. படம் நிஜம் என்று சொல்லி அச்சுக்கு அனுப்பியவள் அவள்.

பத்திரிகையில் அவளுக்கு வேலையே அதுதான். வெளியிலிருந்து வரும் படம் நிஜமா, ஒட்டுவேலையா என்று பார்த்துச் சொல்வது. வெள்ளத்தில் பேருந்து ஏறிய முதலை, ஒரே நாளில் இரண்டு ஊரில் கைகுலுக்கிய மந்திரி, மொட்டைமாடியில் இறங்கிய பறக்கும் தட்டு, எதுவும் அவளைத் தாண்டாமல் அச்சுக்குப் போகாது. அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேன்' என்று பேர். வீட்டில் அவள் சின்னவள். அக்கா பெரியவள்.

செய்தி ஆசிரியர் படத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றார். அவர் நின்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் போய்க்கொண்டே பேசுவார்.

"ஒருத்தர் கிளம்பிட்டாரும்மா."

"யார் சார்?"

"அந்த இன்னொரு பேப்பர்ல இருந்தாரே, ரிட்டயரான போட்டோகிராஃபர். நேத்துலேருந்து எழுதித் தள்றார். இவ்வளவு பக்கத்துல மின்னல் விழுந்தா படம் மொத்தமும் வெளுத்துப் போயிருக்கணுமாம். கூண்டோட ஒவ்வொரு கல்லும் தெரியறதே பொய்க்கு அத்தாட்சியாம்."

"லென்ஸோட துளையைச் சின்னதா வச்சா வெளுக்காது சார். மின்னல் எடுக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க. அவருக்கு அது தெரியலைன்னா அவர் இத்தனை வருஷம் கல்யாணந்தான் எடுத்திருக்கணும்."

ஆசிரியர் சிரித்தார். "அதையே நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க. நாலு மணிக்குள்ள. என்னென்ன சோதனை பண்ணினோம், படம் ஏன் நிஜம்னு உங்க பேரோட நாளைக்குப் போட்டுடலாம். கல்யாணத்தை மட்டும் விட்டுடுங்க."

அப்போதும் அவர் போகவில்லை.

"அக்கா படம்கறதால..." என்று இழுத்தார்.

"அக்கா படம்கறதாலதான் சார் ரெண்டு தடவை பார்த்தேன்."

"அதையேதான் மாடியில மேனேஜ்மென்ட்கிட்ட நானும் சொன்னேன். சொந்தம்னா அவங்க இன்னும் கறாரா இருப்பாங்க, நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன்."

அவர் போன பிறகு அவள் திரையை இழுத்து வைத்துக்கொண்டாள். கோபமாக இருந்தது. கோபத்துக்குக் கீழே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அக்காவுக்காக ஒரு சண்டை போட இப்படியொரு வாய்ப்பு அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

பெரியவளுக்குக் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், பழைய படத்தைக் காப்பி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுப்பது. இரண்டு காதும் தெரிய, பல் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் முகங்களை எடுத்து எடுத்து அலுத்துப் போனவள். ஞாயிற்றுக்கிழமையன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தான் கப்பலிலிருந்து கூப்பிட்டு, எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அந்தப் படத்தைத்தான் காட்டப்போகிறேன் என்றார். நகரசபையிலிருந்தும் கூப்பிட்டார்கள். புதிதாகத் திறக்கும் அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் ஒரு பெரிய சுவர். அந்தச் சுவர் முழுக்க இந்தப் படம். வருகிற வியாழக்கிழமை முடிவு சொல்வார்கள்.

"பாரு, இனிமே என்னை யாரும் காதைக் காட்டுங்கறவன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள் பெரியவள். அப்போது அவள் கண் கலங்கியதைச் சின்னவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

எழுத உட்கார்ந்தாள்.

முதல் சோதனை, அசல் கோப்பு. கேமரா எழுதியது எழுதியபடியே இருக்கும், யாரும் கை வைக்காத கோப்பு. பொய்க்காரர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். கேட்டால் அழிந்துவிட்டது என்பார்கள், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். பெரியவள் கேட்கக்கூட விடவில்லை. சனிக்கிழமை காலையில் மெமரி கார்டையே கழற்றி இவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே குடுத்துட்டேன், எழுதிக்கோ" என்றாள்.

இரண்டாவது, நேரம். வானிலை அலுவலகத்தில் ஒவ்வொரு மின்னலும் எங்கே, எப்போது விழுந்தது என்று கருவிகள் பதிந்துகொண்டே இருக்கும். போன வியாழக்கிழமை மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு மணிக்கூண்டைச் சுற்றிய சின்ன வட்டத்துக்குள் ஒரு மின்னல் விழுந்திருந்தது. கேமராவின் கடிகாரமும் கூண்டின் கடிகாரமும் வானிலை அலுவலகமும் ஒரே நிமிடத்தைக் காட்டின.

மூன்றாவது, வெளிச்சம். மின்னல் இடப்பக்கம் வளைந்து இறங்கியது. கூண்டின் இடப்பக்க விளிம்புகளில்தான் வெள்ளை ஏறியிருந்தது. சாலைத் தண்ணீரில் பிம்பம் சரியான இடத்தில் இருந்தது. ஒரு குட்டை மட்டும் ஓரமாக நின்ற ஒரு வேனின் நிழலில் இருந்ததால் அங்கே பிம்பம் விழவில்லை. அதுகூடச் சரி.

நான்காவது, புள்ளி. இருட்டில் எடுத்த எந்தப் படத்திலும் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கும். வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் புள்ளி மாறும். இதில் மேகத்திலும் மின்னலிலும் கல்லிலும் ஒரே புள்ளி.

நான்கையும் எழுதி முடித்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. பக்கம் போடுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஸ்கேன், பேஷன்ட் பிழைச்சுக்கிட்டாரா?"

"பேஷன்ட்டுக்கு ஒண்ணும் இல்ல. புகார் குடுத்தவருக்குத்தான் கண்ணாடி மாத்தணும்."

"அப்போ சீக்கிரம் அனுப்புங்க. நான் சாப்பாட்டுக்கு முன்னாடி பக்கத்தைக் கட்டிட்டா புண்ணியம்."

அனுப்பியிருக்கலாம். ஆனால் அக்கா என்பதால் மேலோட்டமாகப் பார்த்தாள் என்று நாளைக்கு ஒரு வாய் பேசிவிடக் கூடாது. அதற்காக, வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள். கேமரா கம்பெனிக்காரர்களின் சொந்த மென்பொருளில் கோப்பைத் திறந்து, கேமரா பதிந்துவைத்திருந்த எல்லா விவரத்தையும் வரிசையாக எடுத்தாள். அறிக்கையோடு மொத்தத்தையும் சேர்த்துப் போட்டுவிடலாம். படிக்கிறவன் படிக்கட்டும்.

பெரும்பாலும் குப்பை. பேட்டரி எவ்வளவு மிச்சம், உள்ளே எவ்வளவு சூடு, எந்த லென்ஸ். அதற்குக் கீழே ஒரு வரி, லென்ஸ் எவ்வளவு தூரத்தில் ஃபோகஸ் ஆகியிருந்தது என்று.

தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர்.

அவள் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

பெரியவள் நின்றது மணிக்கூண்டுக்கு எதிரில் இருக்கும் வாகன நிறுத்தத்தின் மொட்டைமாடி. நடுவில் ஒரு சாலை, ஒரு பூங்கா. தூரத்தில் இருப்பதைப் பிடித்தால் இந்த வரியில் எண்ணே வராது. படுத்துக்கிடக்கும் எட்டு மாதிரி ஒரு குறிதான் வரும்.

இருட்டில் லென்ஸ் தடுமாறியிருக்கும் என்று நினைத்தாள். மழை வேறு. தடுமாறினால் கிட்டத்தில் எங்கேயோ பிடித்துக்கொண்டு நிற்கும், அது சகஜம். ஆனால் அப்படி நின்றால் கூண்டு பஞ்சு மாதிரி மசங்கியிருக்க வேண்டும். கூண்டில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.

கார்டில் இருந்த மற்ற படங்களை அதே மென்பொருளில் திறந்தாள். மழைக்கு முன் எடுத்தது, தூறலில் எடுத்தது, விளக்குகள் எரியத் தொடங்கியபோது எடுத்தது. எல்லாவற்றிலும் அந்த வரியில் எட்டு படுத்துக்கிடந்தது. கடைசிப் படத்தில் மட்டும் எண். அதற்குப் பிறகு கார்டில் படமே இல்லை. ஏன் இல்லை என்று சனிக்கிழமையே இவள் கேட்டிருந்தாள். "தலையிலயே விழுந்த மாதிரி இருந்துச்சுடி. பயந்துபோய்க் கீழே ஓடியாந்துட்டேன்" என்றாள் பெரியவள். அதைக் கேட்டு இவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தக் கேமரா எதைப் பார்த்ததோ அது கைநீட்டினால் தொடும் தூரத்தில், தட்டையாக இருந்திருக்கிறது. கைநீட்டினால் தொடும் தூரத்தில் மணிக்கூண்டு நிற்காது. மணிக்கூண்டின் படம் நிற்கும்.

படத்தின் மேல்மூலையை, மேகம் கறுத்திருந்த இடத்தை, முடிந்தவரை பெரிதாக்கினாள். புள்ளிகளுக்கு அடியில் மெல்லிய சொரசொரப்பு ஒன்று ஓடியது. காகிதத்தின் தோல். இரண்டு தடவை பார்த்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

யாரோ மின்னலை ஒட்டி, வெளிச்சம் வரைந்து, பிம்பம் வரைந்து, அதைப் பெரிதாக அச்சிட்டு, சுவரில் மாட்டி, அந்த அச்சைக் கேமராவால் மறுபடி எடுத்திருக்கிறார்கள். அதனால் கோப்பு அசல். அதனால் எல்லா இடத்திலும் ஒரே புள்ளி. கேமராவின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வது ஒரு வேலையே இல்லை.

அவள் மனதில் கொஞ்ச நேரம் அந்த 'யாரோ' மட்டும்தான் இருந்தது.

வேலையிலிருந்து வந்து இவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவள் கேட்டுவிடுவாள், "இன்னிக்கு யாரைப் பிடிச்சே?" அம்மா போனபிறகு இவள் அக்கா வீட்டோடு வந்து ஐந்து வருடம். அத்தான் வருடத்தில் பாதி கடலில். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு. இவள் அன்றைக்குப் பிடித்த பொய்யைச் சொல்வாள். எங்கே சறுக்கினான், எதை மறந்தான், எப்படி மாட்டினான். பெரியவள் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்பாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் இவள் ஒரு முட்டுக்கட்டை, படத்தை நிறுத்துகிறவள். கேட்கிற ஆள் வீட்டில் ஒருத்திதான். பேருந்தில் வரும்போதே இன்றைக்கு அக்காவுக்கு எதைச் சொல்வது என்று நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வாள்.

"அப்போ தண்ணில பிம்பத்தை மறந்துட்டானா? மடையன்."

"புள்ளி மாறும்னா, மாறாம இருக்க என்ன பண்ணுவாங்க?"

"அசலைக் கேட்டா எத்தனை நாள் இழுத்தடிப்பாங்க?"

ஒருநாள், மழைக்காலம் தொடங்கும் முன், "படத்தையே திருப்பிப் படம் எடுத்தா கண்டுபிடிப்பியாடி?" என்று கேட்டாள். பளபளப்பான காகிதமாயிருந்தால் விளக்கு தெறித்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று இவள் சொன்னாள். பளபளப்பில்லாத காகிதம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு என்றால் கஷ்டம்தான். அதோடு விட்டாளா இவள்? "அதுக்கெல்லாம் கை பழகணும். உன்னை மாதிரி காப்பி எடுக்கறவளுக்கு வேணா வரும்" என்று சொல்லிச் சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள்.

வரிசையாக வைத்துப் பார்த்தாள். கேட்குமுன் கொடுத்த கார்டு, நிமிடம் பிசகாத நேரம், வேன் நிழலில் விடுபட்ட பிம்பம், ஒரே புள்ளி. அந்த மேசையில் இவள் சொன்ன ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அந்த ஃபோகஸ் தூரத்தைப் பற்றி மட்டும் இவள் சொன்னதில்லை. அதுவரை வந்த எந்தப் பொய்க்காரனுக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

பெரியவள் அடிமடியிலேயே கை வைத்துவிட்டாள்.

எழுதிய அறிக்கையை அவள் அழிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பக்கம்?" என்றார் பக்கம் போடுகிறவர்.

"சாப்பிட்டு வாங்க. இப்போதைக்கு இல்ல."

கடைத்தெருவுக்கு நடந்தே போனாள். மணிக்கூண்டைக் கடந்துதான் போக வேண்டும். கீழே நாலைந்து பேர் நின்று கைபேசியையும் உச்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இங்கதான்டா, அந்தக் கம்பி" என்றான் ஒருவன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவில் படத்தை ஒட்டியிருந்தாள் பெரியவள். உள்ளே முக்காலியில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"சிரிக்காதீங்க சார்."

"நான் எங்கம்மா சிரிச்சேன்? என் மூஞ்சியே அப்படித்தான்."

"அப்போ எதையாவது வருத்தமா நினைச்சுக்குங்க."

"நினைக்கறதுக்கு எதுவும் இல்லையேம்மா."

"குடுத்து வச்சவர். வாயை மட்டும் மூடிக்குங்க. காது... ஆங், அவ்வளவுதான்." விளக்கு பளிச்சென்று அடித்தது. அப்போதுதான் பெரியவள் வாசலைப் பார்த்தாள். "அட, ஸ்கேன் மேடம்! என்னடி இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"இல்ல."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சார், பாருங்க, பாஸ்போர்ட்டுக்கு இதுதான் மூஞ்சி."

பெரிய மனிதர் சிரித்தார். சின்னவள் காப்பி எடுக்கும் மூலைக்குப் போய் நின்றாள். சாம்பல் நிறப் பலகை, அதன் நாலு மூலைக்கும் காந்தம், இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு, எதிரில் தரையோடு பதித்த ஸ்டாண்ட். பலகையில் யாருடைய கல்யாணப் படமோ மாட்டியிருந்தது, மூலையில் பூச்சி அரித்தது. அவள் ஸ்டாண்டின் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். விரல் நுனி கல்யாணப் பெண்ணின் முகத்தைத் தொட்டது.

பெரிய மனிதர் படங்களை வாங்கி, இதில் நான் சிரிக்கிற மாதிரித்தான் இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். கதவு மூடியது.

திரும்பியபோது பெரியவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கையைப் பார்த்திருக்கிறாள்.

"என்னடி?"

"நீயே சொல்லுக்கா."

"எதை?"

"நான் கேக்கறதுக்கு முன்னாடி குடுக்கறவளாச்சே நீ. இப்பவும் நீயே குடு."

பெரியவள் முக்காலியைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கதவில் தொங்கிய 'திறந்திருக்கிறது' அட்டையைத் திருப்பி வைத்தாள். வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எதுல தெரிஞ்சுது?" என்றாள்.

சின்னவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் சுட்டது. இல்லை என்று ஒருதடவை சொல்லியிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். பெரியவள் சாப்பாட்டு மேசையில் கேட்பது போலவே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஆர்வமாகக் கேட்டாள்.

"சொல்ல மாட்டேன்."

"சரி." பெரியவள் தலையாட்டிக்கொண்டாள். "ஆனா மின்னல் விழுந்தது நிஜம்டி. உங்க வானிலைக்காரங்களே சொல்றாங்கல்ல? நான் அங்கதான் நின்னேன். ரெண்டு மணி நேரம் மழையில நின்னேன். லென்ஸ்ல தண்ணி விழுந்துச்சுன்னு துடைக்கக் குனிஞ்சேன். குனிஞ்ச நேரத்துல விழுந்துச்சு. நிமிர்ந்தா அதோட வால் மட்டும் தெரியுது. என் தலையெழுத்தைப் பாரு."

"அப்போ பார்த்தேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"பார்த்தேன்னு சொன்னா எந்தப் பேப்பர்ல முதல் பக்கத்துல போடுவீங்க?"

சின்னவள் கதவில் ஒட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூண்டு நான் எடுத்தது. அதே நிமிஷம் எடுத்தது, அதுக்கு முந்தின கிளிக். அதைக் கார்டுலேருந்து மட்டும் அழிச்சுட்டேன். மின்னலும் நான் எடுத்ததுதான், போன வருஷம், நம்ம மொட்டைமாடியிலேருந்து. நெட்டுல எடுத்து ஒட்டலை. யார் வீட்டுச் சொத்தையும் திருடலை. என் கண்ணு பார்த்ததை என் படத்தாலயே சேர்த்தேன். இதுல எதுடி பொய்?"

"நான் போட்ட கையெழுத்து."

"அது..."

"நான் நிஜம்னு சொன்னேன்க்கா. ஆசிரியர் எனக்காக மாடியில பொறுப்பு ஏத்துக்கிட்டு வந்திருக்கார். காலையில அவர் முன்னாடி உன் படத்துக்காக இன்னொருத்தரை நக்கல் பண்ணினேன். அந்த மனுஷன் சொன்ன காரணம் தப்பு. சொன்ன விஷயம் சரி. நான் சொன்ன காரணம் எல்லாம் சரி. விஷயம் தப்பு."

"உன்னை ஏமாத்தணும்னு பண்ணலைடி."

"வேற யாரை ஏமாத்த? நாந்தானே பார்க்கப்போறவ?"

பெரியவள் தன் கைகளைப் பார்த்தாள். பேசியபோது குரலில் வெட்கம் இல்லை. சின்னவள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. கிட்டத்தட்டப் பெருமைதான் இருந்தது.

"உள்ளதைச் சொல்றேன். நீ பார்ப்பேங்கறதாலதான் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பண்ணினேன். ஏனோதானோன்னு பண்ணியிருந்தா அது உனக்குத்தான் அவமானம். அந்த வேன் நிழலுக்கு மட்டும் அரை நாள் உக்கார்ந்தேன். நீ சரின்னு சொன்னப்போ எனக்கு ஊர் சொன்ன மாதிரி இருந்துச்சு. உன்னைத் தாண்டறதுன்னா லேசா?"

புகழ்கிறாள். மனதாரத்தான் புகழ்கிறாள். ஐந்து வருடத்தில் சின்னவளின் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

"வியாழக்கிழமை வரைக்கும் விட்டுடு" என்றாள் பெரியவள். "சுவருக்கு முடிவாகட்டும். அப்புறம் நானே சொல்லிடறேன், கொஞ்சம் கை வச்சிருக்கேன்னு. எல்லாரும் பண்றதுதானே. வியாழக்கிழமை என்ன, நாளான்னைக்குத்தான். நீ எழுதினதை அப்படியே அனுப்பு. அந்தக் கிழவருக்கு நீ கண்டுபிடிச்சதெல்லாம் எங்க தெரியப்போகுது? உன்னை விட்டா இதை யாராலயும் பிடிக்க முடியாது."

"அதனாலதான் நான் அனுப்ப முடியாது."

"எனக்கு நாப்பத்தேழு வயசுடி. இனிமே எனக்கு எந்தச் சுவர் வரப்போகுது?"

அது நிஜம். இருவருக்கும் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்று படத்தைப் பார்த்தாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கையைக் குடையாக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சின்னவள் கைபேசியை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"நாலு மணிக்குக் குடுக்கணும்."

"வெளியே போய்ப் பேசு. என் முன்னாடி வேண்டாம்."

"உன் முன்னாடிதான் பேசுவேன். உனக்குத் தெரியாம நான் எதுவும் பண்ணதில்ல."

இரண்டாவது மணியிலேயே ஆசிரியர் எடுத்தார்.

"சார், நான்தான். அந்தப் படம் அசல் இல்ல."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. "என்னம்மா சொல்றீங்க? காலையிலதானே..."

"காலையில சொன்னது தப்பு. ஒட்டுவேலை பண்ணி, பிரிண்ட் போட்டு, அந்தப் பிரிண்ட்டைத் திருப்பி எடுத்த படம். ரெண்டு தடவை பார்த்தும் எனக்குத் தப்பிடுச்சு."

"உறுதியா?"

"உறுதிதான் சார். எடுத்தவங்களே ஒத்துக்கிட்டாங்க."

அவர் குரலை இறக்கிக்கொண்டு, "எடுத்தவங்கன்னா... உங்க அக்கா" என்றார்.

"ஆமா சார். அதையும் போடுங்க. பார்த்தவ தங்கச்சிங்கறதையும் போடுங்க."

"அந்த நாற்காலியில அப்புறம் உங்களை வச்சிருக்க விடமாட்டாங்களேம்மா."

"தெரியும் சார். வந்து எழுதிக் குடுக்கறேன்."

கைபேசியைப் பையில் போட்டாள். பை வாயைக் கண்டுபிடிக்க இரண்டு தடவை ஆயிற்று.

பெரியவள் எழுந்து போய்க் கதவிலிருந்த படத்தின் ஒரு மூலையைக் கிளப்பினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். கூண்டின் அடிப்பாகம் கிழிந்து வந்தது. மின்னல் கண்ணாடியிலேயே நின்றது. அதற்கு மேல் அவள் முயலவில்லை.

"வீட்டுல வச்சுக் கேட்டிருக்கலாம்" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. "ஒரு ராத்திரி குடுத்திருக்கலாம். யோசிச்சு, ரெண்டு பேருமா ஒரு வழி... அம்மாவுக்கு அப்புறம் உன்னை யார் பார்த்துக்கிட்டா? ஊர்ல எவனோ ஒரு வார்த்தை சொன்னான்னு கூடப்பொறந்தவளைக் காட்டிக் குடுத்துட்டேல்ல?"

"காட்டிக் குடுத்தேன்."

"அவ்வளவுதானா? சொல்லிட்டுப் போயிடுவியா?"

சின்னவள் போகத்தான் திரும்பியிருந்தாள். பலகைக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே, அந்த ஒரு கை தூரத்தில், நின்றுவிட்டாள். வேலை போகும். அது அவளுக்குப் புரிந்த கணக்கு. பேர் போகும், அதுவும் புரிந்தது. பேருந்தில் எடுத்து வைத்துக்கொண்டு வந்த ஐந்து வருடக் கதைகளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவற்றில் கொஞ்சமாவது அவளுடையவையாக இருக்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும். தினமும் கேட்டியே, இன்னிக்கு யாரைப் பிடிச்சேன்னு... அதுல எந்த நாள் வரைக்கும் எனக்காகக் கேட்டேக்கா?"